உரிமையாளர்: ஷைலஜா பொன்னுசாமி

ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு நாற்பது. எங்கள் ஸ்டோரேஜ் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர். மேலாளர் குல்கர்ணி மராத்தியில் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: ஷைலா தாயி இறந்துவிட்டார். நான் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்தேன். வெளியே மழை. கண்ணாடியில் நீர் வழிய, சாங்வியின் கடைப் பலகைகள் எல்லாம் நிறம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன. வரியைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அது கனவின் பக்கத்துச் செய்தி, விழித்தால் இருக்காது என்று ஒரு நம்பிக்கை. பவனா ஆற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது விழித்தேன். இருந்தது. குழுவில் இன்றைக்கும் பதினோரு பேர்தான். அவர் எண்ணை நீக்கும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பத்து மூன்று வயது. மூளையில் ரத்தக் கசிவு. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்ததாம்.

தமிழ்ச் சங்க மலருக்கு எழுதச் சொன்னபோது எனக்கு வராது என்றேன். நான் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. உங்களில் பலருக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கட்கி ராணுவத் தொழிற்சாலை பொன்னுசாமியின் மகள். பொங்கல் விழாவில் மைக் இரைந்தால் மேடைக்குப் பின்னால் ஓடுகிறவர். தமிழில் ஆரம்பித்து மராத்தியில் முடிக்கிறவர். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் எல்லோரும் 'ஐடி' என்கிறீர்கள். அது பதில் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் டேட்டா சென்டரில் அவர் பெயரில் ஒன்று மிச்சமிருக்கிறது. வேறு யாராவது தன் பெயரைக் கொடுக்காவிட்டால் இந்த மாதக் கடைசியில் அது அழிந்துவிடும். அழிக்கப்போவது நான் எழுதிய ஸ்கிரிப்ட், தானாக ஓடும் ஒரு சின்ன நிரல்.

முதலில் வேலை. காரியம் முடிந்த மறுநாள் சாங்வியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"இன்னா வேல பாத்தா எம் பொண்ணு? கம்ப்யூட்டர்னு சொல்வா. கம்ப்யூட்டர்ல இன்னா?"

"ஒரு ஹால் நிறைய பெட்டிங்கம்மா. பெட்டிக்குள்ள நூத்துக்கணக்குல டிஸ்க். கம்பெனிங்களோட சம்பளம், படம், கணக்கு எல்லாம் அதுலதான் இருக்குதுங்க. சர்வர்னு ஒரு கம்ப்யூட்டர் வேற எங்கியோ இருக்கும். தன் வயித்துக்குள்ளயே டிஸ்க் இருக்குதுன்னு அது நினைச்சுக்கும். நிஜத்துல டிஸ்க் எங்ககிட்ட இருக்கும். நடுவுல கண்ணாடி நூல் கேபிள்."

"யாருக்கு எவ்ளோன்னு அளந்து குடுக்கறதா?"

"ஆமாங்க. அப்படி வெட்டிக் குடுக்கிற பங்குக்கு 'லன்'னு பேரு. எந்த லன் எந்த சர்வர் கண்ணுல படணும், எது படக்கூடாதுன்னு சொல்றதும் அக்காதான். கேபிள், கேபிளுங்களச் சேக்கிற ஸ்விட்ச், பெட்டி எல்லாம் சேர்ந்த அந்த ரோட்டுக்கு 'சான்'னு பேருங்க."

அம்மா என்னைப் பார்த்தார். "அவ அப்பனும் கட்கில ஸ்டோர்ஸ்லதான் இருந்தாரு. அப்பனும் ஸ்டோர்ஸ், பொண்ணும் ஸ்டோர்ஸ். இத்த சொல்றதுக்கா இத்தினி இழுப்பு இழுத்த?"

அழுதுகொண்டிருந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருவன் நான்.

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'ஷைலா தாயி' என்போம். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நான் சேர்ந்த வாரம் 'மேடம்' என்று கூப்பிட்டேன். "காய் ரே, என்னடா மேடம்? நா என்னா ஸ்கூலா நடத்துறேன்? தாயி சொல்லு, இல்லாட்டி அக்கா சொல்லு. ரெண்டும் வராட்டி ஓய்னு கூப்பிடு, திரும்பிப் பாக்குறேன்" என்றார். எங்களுக்குள் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. கையால் செய்யும் எதையும் ஸ்கிரிப்டாக மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. "ஸ்கிரிப்டுக்கு அவசரம் கிடையாது கார்த்தி. எழுதுறவனுக்குத்தான் அவசரம்" என்பது அவர் கட்சி. ஐந்து வருடமும் சண்டை போட்டோம். பக்கத்துப் பக்கத்து மேசையிலேயே போட்டோம்.

அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஹாலுக்குள் கண்ணை மூடி நின்று, சத்தத்தை வைத்தே எந்த டிஸ்க் கெட்டுப்போகப்போகிறது என்று சொல்லிவிடுவாராம். துக்க வீட்டில் மூன்று பேர் என்னிடம் இதைச் சொன்னார்கள். பொய். அந்த ஹாலில் அலை போல ஓர் இரைச்சல் இருக்கிறது. பகல் கிடையாது, பருவம் கிடையாது. தரையிலுள்ள துளைகள் வழியாகக் குளிர் எழும்பி முழங்கால்வரை வந்து நிற்கும். வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள், யாரோ தூரத்தில் மூச்சு விடுகிற மாதிரி மின்னும். மே மாத வெயிலில் வண்டி ஓட்டி வந்தவர் அங்கே போய்க் கண்ணை மூடி நிற்பது குளிருக்காக. நானே கேட்டேன். "ஏசி ரே பாபா. வீட்ல இல்ல, இங்க இருக்கு" என்றார். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், கடலுக்கடியில் நின்று எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் போலத்தான் இருக்கும். கதை கட்டியவர்கள் மேல் தப்பில்லை.

போன வருட மழையைச் சொல்ல வேண்டும். அவரும் நானும் சாங்விக்காரர்கள். டேட்டா சென்டர் பிம்ப்ரிப் பக்கம். நடுவே பவனா. எந்த வேலைக்கும் இரண்டு வழி இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஒரு சர்வருக்கும் அதன் டிஸ்குக்கும் இடையே இரண்டு கேபிள், இரண்டு ஸ்விட்ச் வைப்போம். ஒன்று போனால் இன்னொன்று தானாக ஏற்றுக்கொள்ளும். ஷைலா தாயி அலுவலகத்துக்கு வருவதற்கும் அப்படி இரண்டு பாலம் வைத்திருந்தார். அன்று அணையைத் திறந்துவிட்டார்கள். நான் முதல் பாலத்துக்குப் போனேன், தடுப்பு. இரண்டாவதற்குப் போனேன், தடுப்பு. அங்கே மஞ்சள் ரெயின்கோட்டில் அவர் நின்றிருந்தார்.

ஆறு பழுப்பாக, அகலமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிமிர்ந்தபடியே மிதந்து சென்றது, யாரோ உட்கார்ந்து பயணம் போவது போல. நாங்கள் இருவரும் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கரையில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடி தெரிந்தது. அங்கே ஒரு ஸ்விட்ச் செத்துக்கிடந்தது.

"ரெண்டு பாலம் வெச்சிருந்தேன் கார்த்தி" என்றார். "ரெண்டுக்கும் ஆறு ஒண்ணு."

அன்று வேலைக்குப் போய்ச் சேர்ந்தவன் ப்ரதீக் ஒருவன்தான். எங்கள் குழுவிலேயே சோம்பேறி. விஷ்ராந்த்வாடியிலிருந்து திகி வழியாக வருகிறவன். அவன் பாதையில் ஆறே கிடையாது. இக்கரை டீக்கடையில் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு, எந்தக் கேபிளை எங்கே மாற்றுவது என்று அவனுக்குத் தாயி மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். "நீலத்த புடுங்குன்னா நீலத்ததான் புடுங்கணும் தம்பி" என்று அவரும் மராத்தியில் ஒரு அதட்டல் போட்டார்.

ஆறு வடிந்ததும் தாயி சும்மா இருக்கவில்லை. எங்களுக்கு இரண்டு கட்டடங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு இரண்டு கண்ணாடி நூல் கேபிள்கள். படத்தில் அவை தனித்தனிக் கோடுகள். "படம் வேணாம். மூடியத் தூக்கு" என்றார். முற்றத்து இரும்பு மூடியைத் தூக்கினோம். இரண்டு கேபிளும் ஒரே குழாயில், கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. ஒரு கடப்பாரை போதும், இரண்டும் போயிருக்கும். தாயி குனிந்து வெகுநேரம் பார்த்தார். மழைத்தண்ணீரில் எங்கள் முகங்களும் மேகமும் மிதந்தன. "பார், இங்கயும் ஆறு" என்றார்.

இப்போது எங்கள் பெரிய சண்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு லன்னுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஆள் வேலையை விட்டுப் போவார், திட்டம் முடியும், லன் மட்டும் யாருக்கும் வேண்டாமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அநாதை லன் என்போம். உடனே அழி என்பது என் வழி. தாயி விடமாட்டார். முதலில் அதை சர்வரின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தேவைப்படுகிறவன் கத்துவான். கத்தினால் திரும்பக் காட்டலாம். இது தொழிலில் எல்லோரும் செய்வதுதான், ஸ்க்ரீம் டெஸ்ட் என்று பெயர். ஆனால் தாயியைப் போல ஒரு மாதமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவரை நான் பார்த்ததில்லை.

"யாரும் கத்த மாட்டாங்கக்கா. இதுவரைக்கும் எவனாவது கத்தியிருக்கானா?"

"கத்தலேன்னா சந்தோஷம் தானே. மறைச்சா திரும்ப வரும். அழிச்சா வருமா?"

ஒரே ஒரு தடவை கத்தினார்கள். பெட்டி தன் எண்களைப் பதினாறு பதினாறாக எண்ணும். சர்வர் நம்மைப் போலப் பத்து பத்தாக எண்ணும். பெட்டியில் பத்து என்று எழுதியிருந்தால் சர்வருக்கு அது பதினாறு. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி. தாயி விழுந்த அன்று அவர் மறைத்தது அநாதை லன்னை இல்லை, எங்கள் கேன்டீனின் சாப்பாட்டு அட்டை லன்னை. சரியாக மதியம் ஒரு மணி. வரிசையில் நூறு பேர். எவர் அட்டையும் வேலை செய்யவில்லை. சத்தம் கூரையைத் தூக்கியது. வரிசையின் நடுவில் தட்டோடு நின்றிருந்த தாயி ஒரு நிமிடம் யோசித்தார். தட்டை என் கையில் கொடுத்தார். "இரு, வரேன்" என்று படியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் அட்டைகள் உயிர்பெற்றன. திரும்பி வந்து தட்டை வாங்கிக்கொண்டு, "டெஸ்ட் நல்லா வேல செய்யுது" என்றார். மாலையில் தன் தவறைத் தானே குழுவுக்கு எழுதிப்போட்டார், எண்ணை மாற்றிப் படிக்கும் விதத்தோடு.

அவர் சொன்னதில் இன்னொன்றும் எனக்கு நிற்கிறது. இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதினால் மிரர். ஒன்று எரிந்துபோனால் இன்னொன்று இருக்கும். அதையே பேக்கப், அதாவது தனியே எடுத்துவைக்கும் நகல், என்று நினைத்துக்கொள்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. ஒருவரிடம் தாயி சொன்னார்: "சார், கண்ணாடி முன்னாடி நின்னு மீசைய வழிச்சா கண்ணாடில மட்டும் மீசை நிக்குமா?" வாடிக்கையாளர் வருத்தப்பட்டு அன்றே பேக்கப் எடுக்கச் சொன்னார். எடுத்தாயிற்று என்று நான் சொன்னபோது தாயி என்னிடம், "எடுத்தியான்னு கேக்கல. திரும்ப எறக்கித் தொறந்து பாத்தியா?" என்றார். எரிச்சலாக இருந்தது. கேள்வி சரிதான்.

இனி, அவர் பெயரில் மிச்சமிருப்பது. பிம்ப்ரியில் இயந்திர உதிரிபாகம் செய்த ஒரு தொழிற்சாலை வெகுநாள் முன்பே மூடிவிட்டது. அதன் தொழிலாளர்கள் எந்த வருடம் சேர்ந்தார்கள், எந்தத் துறையில் இருந்தார்கள் என்ற பதிவுகள் எங்களிடம் ஒரு சின்ன லன்னில் இருக்கின்றன. தொழிற்சாலை இல்லை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனால் ஓய்வூதியத்துக்கு அத்தாட்சி கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் இருந்த தேஷ்முக் காகா (மராத்தியில் காகா என்றால் சித்தப்பா), தொழிற்சங்க அறையின் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த லன்னிலிருந்து தேடி எடுத்துக் கொடுப்பார். மூன்று மாதத்துக்கொருமுறை தணிக்கை வரும். இது யாருடையது, வேண்டுமா என்று கேட்கும். தாயி உரிமையாளர் கட்டத்தில் தன் பெயரைப் போட்டு, வேண்டும் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இதில் ரகசியம் எதுவும் இல்லை. குல்கர்ணிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் இறந்ததும் விதிப்படி அவர் கணக்கை மூடினார்கள். கணக்கு மூடியதும் உரிமையாளர் கட்டம் காலியானது. காலியானதும் என் ஸ்கிரிப்ட் அந்த லன்னை மறைத்தது. ஒரு மாதம் யாராவது புகார் டிக்கெட் போடுகிறார்களா என்று பார்க்கும், இல்லையென்றால் அழிக்கும். ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்தது.

ஆகஸ்டில் ஒரு முற்பகல் அவர் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"தாயி ஆஹேத் கா?" தாயி இருக்கிறாரா என்று ஒரு வயதான குரல் கேட்டது. மிக மெதுவாக. தேஷ்முக் காகா.

அவரே தொடர்ந்தார்: "திரையில ஒண்ணும் வரல. பத்துப் பன்னிரண்டு நாளா வரல. தாயிக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தேன்."

எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. தாயி போன மாதம் இறந்துவிட்டார் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பழைய மின்விசிறி சுற்றுவது கேட்டது. தெருவில் கணபதிப் பந்தலுக்கு மூங்கில் இறக்கும் சத்தம் கேட்டது.

"ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார்" என்றார் கடைசியில். "போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா?"

"இருக்கச் சொல்லுங்க காகா."

திரும்பக் காட்ட அதிக நேரம் ஆகவில்லை. மறைத்தது வந்தது. ஆனால் கட்டம் காலியாகவே இருந்தது. அந்தப் பழைய பெட்டியையே மாதக் கடைசியில் கழற்றி அனுப்புகிறார்கள். உரிமையாளர் உள்ளவை மட்டும் புதிய பெட்டிக்குப் போகும். மற்றவற்றை அதற்கு முன் என் ஸ்கிரிப்ட் அழிக்கும். கூட்டத்தில் குல்கர்ணி இந்தியில் கேட்டார்: "யார் எடுத்துக்கிறீங்க? ஒவ்வொரு தணிக்கைக்கும் பதில் சொல்லணும். ஏன் வெச்சிருக்கேன்னு கேப்பாங்க." எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்தோம்.

மறுநாள் பஸ்ஸில் தூங்கிப்போனேன். கனவில் அதே ஹால். தரைத் துளைகளிலிருந்து குளிருக்குப் பதில் மழைத்தண்ணீர் மெல்ல எழும்பி வந்தது. பச்சை விளக்குகள் அதில் நீந்தின. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மிதந்து வந்தது. அதில் மஞ்சள் ரெயின்கோட்டோடு தாயி, கையில் கேன்டீன் தட்டு.

"யாரு கத்துனாங்க?" என்றார்.

"யாரும் கத்தலைங்கக்கா. ஒருத்தர் மெதுவாக் கேட்டார்."

"உன் ஸ்கிரிப்டுக்குக் கேட்டுச்சா?"

பாலம் குலுங்கியது. விழித்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பவனா நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அந்த ஆற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. துக்கக் கட்டுரையில் எழுதக்கூடாதுதான், எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் இரண்டு வழி கேட்டவர், மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னவர், இந்த ஒரு லன்னுக்கு மட்டும் ஒரே வழி வைத்திருந்தார். தன்னை. அடுப்பில் டீ கொதித்த அந்தக் காலையில் அந்த ஒரு வழியும் போய்விட்டது. நூற்றுக்கணக்கான பேர் வேலைக்குச் சேர்ந்த வருடம் அதன் பின்னால் நின்றது. உங்களை யார் அக்கா அப்படி வைக்கச் சொன்னது? இருந்திருந்தால் நேராகவே கேட்டிருப்பேன். "சரிதான் ரே, எழுதிப் போடு குழுவுக்கு" என்றிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மூடியைத் தூக்கும் பழக்கத்தை. மற்றதெல்லாம் வேலை. அது வருமாறு:

1. திங்கட்கிழமை காலை, உரிமையாளர் கட்டத்தில் என் பெயரை எழுதுவேன். ஏன் வைத்திருக்கிறாய் என்று தணிக்கையில் கேட்டால், ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பேன்.

2. அந்த லன்னைப் புதிய பெட்டிக்கு மாற்றுவேன். இரண்டு கேபிள், இரண்டு ஸ்விட்ச். கேபிள்கள் எந்தக் குழாயில் போகின்றன என்று நடந்து போய்ப் பார்ப்பேன்.

3. பேக்கப் எடுப்பேன். அதை இறக்கி, தேஷ்முக் காகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பார்ப்பேன்.

4. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்ப்பேன்: அழிக்கும் முன் நில், ஓர் ஆள் தொலைபேசியில் கேட்டுவிட்டு வரட்டும்.

5. தாயியின் அம்மாவிடம் போய், ஸ்டோர்ஸில் அவர் மகள் பார்த்துக்கொண்ட ஒரு சரக்கு பத்திரமாக இருக்கிறது என்று சொல்வேன். இந்த முறை இழுக்கமாட்டேன்.

6. உரிமையாளர் கட்டத்துக்குக் கீழே இரண்டாவது கட்டம் ஒன்று சேர்த்து, ப்ரதீக்கின் பெயரை எழுதுவேன். சோம்பேறிதான், சண்டை போடுவான். ஆனால் அவன் வரும் வழியில் ஆறு இல்லை.